பாடம் தெரியும், படிக்கத் தெரியாது

மூன்றாம் வகுப்புப் பையன். தமிழ்ப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தால் பாடத்தை முதல் வரியிலிருந்து கடகடவென்று சொல்லிவிடுகிறான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறான்; கேள்விக்குறி வந்தால் குரலை ஏற்றுகிறான். அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, ‘இது என்ன மக்ளே?’ என்று கேட்டால் விழிக்கிறான். மறுபடி முதல் வரிக்குப் போய், முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து, அந்த இடத்தை எட்டியதும் சொல்கிறான். வகுப்பில் மற்றவர்கள் வாசித்ததைக் காதால் பிடித்து மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

இப்படி ஒரு பிள்ளையைச் சந்திக்காத தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். ஒரு பக்கத்தை முழுதாக மனப்பாடம் செய்கிற மூளைக்கு, ‘மரம்’ என்ற மூன்று எழுத்தைக் கூட்டிச் சொல்வது ஏன் இத்தனை பாடாக இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்துப் பூதப்பாண்டி போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குச் சூடு கொஞ்சம் அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எல்லோரும் வாசிக்கிற ஊரில் வாசிக்க வராத பிள்ளை சட்டென்று கண்ணில் படும். பட்டவுடன் பட்டமும் வந்துவிடும்: மண்டன், சோம்பேறி, படிப்பு மண்டைல கேறாது. மேடைப் பேச்சால் பெயர்பெற்ற பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907-ல் பிறந்த ஊர் இது. பேச்சின் வலிமையை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நன்றாகப் பேசுகிற பிள்ளை வாசிக்கத் திணறினால், ‘வாய் மட்டும் உண்டு, புத்தி இல்லை’ என்று தீர்ப்புச் சொல்வதுதான் வழக்கம். அறிவியல் சொல்வது வேறு.

1896-ல் இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடலோர ஊரைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றியது. கெட்டிக்காரன், விளையாட்டில் சளைத்தவன் இல்லை, பார்வையில் கோளாறு இல்லை. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் வேகமாகவும் சரியாகவும் பெருக்கினான். ஆனால் சிறு வயதிலிருந்தே பாடம் சொல்லிக் கொடுத்தும் எளிய சொற்களைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாறி ‘ப்ரெசி’ என்று எழுதினான். சுட்டிக்காட்டும் வரை தவறு அவனுக்குத் தெரியவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். நம் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு இவன் அண்ணன் முறை.

மார்கன் இதை ‘பிறவிச் சொற்குருடு’ என்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மூளை அடிபட்டு வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றி எழுதிய ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ‘டிஸ்லெக்ஸியா’ என்ற பெயரை வழங்கியிருந்தார். பின்னாளில் அந்தப் பெயரே பிள்ளைகளுக்கும் நிலைத்தது. தமிழில் வாசிப்புக் குறைபாடு என்கிறோம். சட்டம் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற குடைக்குள் இதை வைத்திருக்கிறது. தொடக்கத்தில் இதைக் கவனித்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள். அதனால் கோளாறு கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது, எழுத்து தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ தெரிகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படத்தில் எழுத்துகள் பூச்சிகளாக ஊர்ந்து ஓடும் காட்சி அந்த எண்ணத்துக்கு இன்னும் உரமிட்டது. நல்ல படம், பல பெற்றோரின் மனத்தை மாற்றிய படம். ஆனால் அந்தக் காட்சியை வைத்து நோயறிய முடியாது.

ஏன் முடியாது என்பதை 1970-களில் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் வெலுட்டினோ அழகான ஒரு சோதனையால் காட்டினார். நன்றாக வாசிக்கும் பிள்ளைகள், வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இரு சாராருக்கும் ஹீப்ரு எழுத்துகளைச் சிறிது நேரம் காட்டி, நினைவிலிருந்து வரையச் சொன்னார். இரு சாராருக்கும் அந்த மொழி தெரியாது. கண்ணில்தான் கோளாறு என்றால் திணறும் பிள்ளைகள் இதிலும் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை; இருவரும் ஒரே அளவில் வரைந்தார்கள். பூதப்பாண்டியில் இந்தச் சோதனைக்கு ஹீப்ருவைத் தேடிப் போக வேண்டாம். மலையாளம் படிக்காத பிள்ளைகளிடம் கேரளத்துப் பேருந்தின் பெயர்ப் பலகையைக் காட்டி வரையச் சொன்னால் போதும். உருவத்தைப் பார்ப்பதிலும் நினைவில் வைப்பதிலும் குறையில்லை. உருவத்தை ஒலியோடு பிணைக்கும் இடத்தில்தான் சிக்கல்.

‘கல்’ என்று சொன்னால் காதில் விழுவது ஒரே வீச்சு. அதற்குள் க், அ, ல் என்று மூன்று ஒலிகள் இருப்பது எழுத்துக் கற்ற நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. சிறு குழந்தைக்குத் தெரியாது. பேசுவதற்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாசிக்க வேண்டுமானால், ஓடும் பேச்சை உடைத்து உள்ளே இருக்கும் ஒலிகளைத் தனித்தனியே உணர வேண்டும். இதை ஒலிப்பிரிப்புத் திறன் என்று சொல்லலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது எழுத்துப் பழகப் பழகத் தானாகக் கூடிவரும். வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அடைபடும் வாசல் இதுதான்.

இது வெறும் ஊகமில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்டும், இன்னும் வாசிக்கத் தெரியாத நாலைந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேரிடம் ஒரு விளையாட்டு ஆடினார்கள். சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராத சொல் எது என்று கேட்பது. தமிழில் ஆடினால்: கல், பல், நெல், மீன் – எது சேராது? காகம், காது, மரம், காடு – எது சேராது? முதலாவது எதுகை, இரண்டாவது மோனை. நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, இந்த விளையாட்டில் தடுமாறிய பிள்ளைகளே பின்னர் வாசிப்பிலும் பின்தங்கினார்கள். அறிவுக்கூர்மை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் அப்படித்தான். முக்கியமானது அடுத்த கட்டம். தடுமாறியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒலிப் பயிற்சி கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே சொற்களைப் பொருளால் வகைபிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒலிப் பயிற்சியோடு எழுத்து வடிவத்தையும் கையில் கொடுத்துப் பழக்கிய பிள்ளைகள்தாம் வாசிப்பில் அதிகம் முன்னேறினார்கள். 1983-ல் நேச்சர் இதழில் வந்த இந்த ஆய்வு, அறிகுறியையும் மருந்தையும் ஒரே இடத்தில் காட்டிவிட்டது.

வாசல் அடைபட்டால் உள்ளே என்ன நடக்கும்? தோவாளைப் பூச்சந்தையில் பூக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதிதாகப் பழகுபவர் பூவைப் பார்த்து, நாரைப் பார்த்து, முடிச்சைப் பார்த்துக் கட்டுவார். நடுவில் யாராவது விலை கேட்டால் கை நின்றுவிடும். பழகியவருக்குக் கை பாட்டுக்கு ஓடும், வாய் பேரம் பேசும். வாசிப்பிலும் எழுத்தைக் கூட்டும் வேலை தானாக ஓடத் தொடங்கினால்தான் மனம் பொருளின் பக்கம் திரும்பும். வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைக்குக் கை கடைசி வரை முடிச்சிலேயே கிடக்கிறது. வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோகிறது. ‘வாசித்தாயே, என்ன புரிந்தது?’ என்று கேட்டால் ஒன்றுமில்லை. அதே பத்தியை நாம் வாசித்துக் காட்டினால் கேள்விக்கெல்லாம் பளிச்சென்று பதில் வரும்.

எழுத்து மனிதனுக்கு வந்து ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென்று மூளையில் தனிப்பகுதி பரிணாமத்தில் உருவாக அந்தக் காலம் போதாது. ஒவ்வொரு பிள்ளையும் பேச்சுக்கும் பார்வைக்கும் ஏற்கெனவே இருக்கும் பகுதிகளைப் புதிதாக இணைத்துக்கொள்கிறது. அந்த இணைப்பு எல்லா மூளையிலும் ஒரே எளிமையோடு அமைவதில்லை. 2001-ல் எரால்டோ பவுலேசுவின் குழு இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாட்டுக் கல்லூரி மாணவர்களைச் சோதித்தது. குறைபாடுள்ள மூன்று நாட்டவருக்கும் வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதி மந்தமாக இயங்கியது. ஆனால் இத்தாலியர்கள் மற்ற இருவரையும்விடப் பிழையில்லாமல் வாசித்தார்கள். இத்தாலியத்தில் எழுதியபடி உச்சரிக்கலாம். ஆங்கிலத்தில் அது நடக்காது. மூளை ஒன்றுதான், எழுத்துமுறை மாறினால் வெளியே தெரியும் முகம் மாறுகிறது.

நமக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. வாசிப்புக் குறைபாட்டின் அறிகுறி என்று நாம் கேட்டறிந்தவற்றில் பாதி, ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. தமிழ் அந்த விஷயத்தில் இத்தாலியத்துக்குத்தான் நெருங்கியது. க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப ஒலி மாறும், மற்றபடி எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆகவே தமிழ்வழிப் பிள்ளையிடம் குறைபாடு பல நேரம் தவறான வாசிப்பாக வெளிப்படாமல், மெதுவான வாசிப்பாக ஒளிந்துகொள்ளும். சரியாகத்தான் வாசிக்கிறான், கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறான் என்று விட்டுவிடுவோம். மூன்றாம் வகுப்பு முடிந்தும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் நிதானத்தைச் சுபாவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழுக்கே உரிய முட்டுக்கட்டைகளும் உண்டு. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். பெங்களூரில் கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இத்தகைய பெரிய எழுத்துத் தொகுதியைப் பிள்ளைகள் முழுமையாகக் கைக்கொள்ளப் பல வகுப்புகள் ஆகின்றன என்று 2007-ல் காட்டினார். ஆங்கில அரிச்சுவடிபோல ஒரே ஆண்டில் முடியும் காரியம் இல்லை இது. எனவே ஒன்றாம் வகுப்பில் நாலைந்து எழுத்துத் தடுமாறினால் பதற வேண்டாம். அடுத்து, கண்ணின் வரிசையும் காதின் வரிசையும் தமிழில் சில இடங்களில் மாறுகின்றன. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஒலியில் ககரம்தான் முதலில். ‘கொ’வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. துணைக்காலும் ரகரமும் ஒரே சாயல். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒரு சுழி வித்தியாசம். (1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வராமல் ணா, றா, னா, லை, ளை எல்லாம் பழைய தனி வடிவங்களிலேயே இருந்திருந்தால் சுமை இன்னும் கூடியிருக்கும்.)

பிழைகளையும் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். ர-ற, ன-ண-ந குழப்பம் பேச்சில் வேறுபாடு மங்கியதால் எல்லாருக்கும் வருவது; பத்திரிகைகளிலேயே வருகிறது. நாஞ்சில் நாட்டில் ழகரம் நாவில் நிற்பதால் ல-ள-ழ குழப்பம் சற்றுக் குறையலாம். இவற்றை மட்டும் வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. காதுக்கு நன்றாகத் தெரியும் வேறுபாட்டையே எழுத்தில் தவறவிடுகிறதா என்று பாருங்கள். படம்-பாடம், கல்-கால் என்று வாயால் பிரித்துச் சொல்லும் பிள்ளை, எழுதும்போது குறிலையும் நெடிலையும் தொடர்ந்து மாற்றுகிறது. புள்ளி எந்த எழுத்துக்கு என்று தெரியாமல் போகிற போக்கில் வைக்கிறது. நடு எழுத்தை விழுங்குகிறது. முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகித்து ‘மயில்’ இருக்கும் இடத்தில் ‘மழை’ என்கிறது. ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறது. இவை மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் அதைக் குறித்துவைக்க வேண்டும்.

பள்ளிக்குப் போகும் முன்பே சில தடயங்கள் கிடைக்கும். பேச்சு தாமதமாக வருவது, தெரிந்த பொருளின் பெயர் வாய்க்கு வராமல் ‘அது... அந்த இது’ என்று திணறுவது, கிழமைகளை வரிசையாகச் சொல்ல வராமல் போவது, பாட்டில் எதுகைச் சொல் விட்டுப்போனால் நிரப்பத் தெரியாமல் இருப்பது. ஒலி இடம் மாறுவதை மட்டும் ஜாக்கிரதையாக எடைபோட வேண்டும்: குதிரையைக் குருதை என்றும் மதுரையை மருதை என்றும் சொல்லும் பாட்டி வீட்டில் இருந்தால் பேரனும் அப்படித்தான் சொல்வான். பின்லாந்தின் யுவாஸ்கிலா நகரில் 1990-களில் தொடங்கிய ஆய்வு சுமார் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தது. பாதிப் பேர் வாசிப்புக் குறைபாடு ஓடும் குடும்பத்தில் பிறந்தவர்கள். பேச்சொலிக்கு மூளை காட்டும் எதிர்வினையில், பிறந்த சில நாட்களிலேயே இரு சாராருக்கும் வேறுபாடு இருந்தது. பள்ளிக்கு முன்பே எழுத்துகளின் பெயர் மனத்தில் ஒட்டாத பிள்ளைகள் பின்னர் வாசிப்பில் சிரமப்பட்டார்கள். அதனால் தகப்பனாரோ மாமாவோ ‘நானும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் அடிவாங்கினேன்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால், அதைச் சிரிப்போடு விட்டுவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

எழுத்தை இடம் வலமாகத் திருப்பி எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. ஒரு செம்பை இந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் வைத்தாலும் செம்புதான். உலகத்தை அப்படிப் பார்க்கவே மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை மறக்க வேண்டும். ஆறு, ஏழு வயது வரை பல பிள்ளைகள் திருப்பி எழுதும். ஆங்கிலச் சின்ன எழுத்து பி, டி போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இணை தமிழில் தேடினாலும் கிடைப்பது அரிது. திருப்பி எழுதவில்லை, ஆகவே குறைபாடு இல்லை என்று தமிழ்ப் பிள்ளையைத் தள்ளிவிடுவது பெரிய தவறு.

இன்று பூதப்பாண்டியிலும் ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேன் வந்து நிற்கிறது. இரண்டு எழுத்துமுறையை ஒரே நேரத்தில் கற்கும் பிள்ளைகளிடம் வேறொரு புதிரைப் பார்க்கலாம். டேகோ வைடெல், பிரையன் பட்டர்வொர்த் இருவரும் 1999-ல் ஒரு பையனைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானில் வளர்ந்தவன், பெற்றோர் ஆங்கிலம் பேசுபவர்கள். 16 வயதில் ஜப்பானிய மொழியைக் கல்லூரி மாணவர் அளவுக்கு வாசித்தான். தாய்மொழியான ஆங்கிலத்தில் கடும் வாசிப்புக் குறைபாடு. நம்மூரிலும் தமிழை ஒருவாறு ஒப்பேற்றும் பிள்ளை ஆங்கிலத்தில் தடுக்கி விழலாம். ‘தமிழ் வாசிக்கிறானே, இங்கிலீஷ் மட்டும் ஏன் வரலை? திமிரு’ என்று அடி விழும். திமிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புத்திக்கும் சம்பந்தமில்லை. அறிவுத்திறன் மிகுந்த பிள்ளையானாலும் குறைந்த பிள்ளையானாலும், வாசிக்கத் திணறுபவர்களின் மூளை ஒலிவேலையில் ஒரே மாதிரி மந்தம் காட்டுகிறது என்று 2011-ல் வந்த மூளைப்படம் சார்ந்த ஆய்வு சொல்கிறது. பல நாட்டுக் கணக்குகளைப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இது இருக்கிறது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வாசிக்காத எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடக் கூடாது. காதில் சீழ் வந்து கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். கரும்பலகை தெரியாமல் இருக்கலாம். பள்ளிக்கே ஒழுங்காக வராமல் இருந்திருக்கலாம். வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளையாக இருக்கலாம். சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்காமலும் இருக்கலாம்; இதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பிறகு ஒலியையும் எழுத்தையும் சேர்த்து, சிறுசிறு படியாக, சில மாதங்கள் தினமும் பழக்குங்கள். மற்ற பிள்ளைகள் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் இந்தப் பிள்ளை பிடிக்கவில்லை என்றால், அந்த மந்தமே மிக வலுவான அறிகுறி. மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்வது நம் பழைய ஆசான்மார் முறை; கண், காது, கை மூன்றையும் சேர்க்கும் பயிற்சிகளை இன்றைய சிறப்பாசிரியர்களும் கையாள்கிறார்கள். நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்ட வேண்டாம், அதே ஆசான் கையில் பிரம்பும் இருந்தது.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் பள்ளியே இதற்கான முதற்கட்டச் சோதனையைச் செய்ய வேண்டும் என்றது. சான்றிதழ் பெற்ற மாணவருக்குத் தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. 1991 முதல் சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. குறை இருந்தது கருவிகளில். மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று உருவாக்கிய ‘டாலி’ என்ற சோதனைத் தொகுப்பு 2015-ல் வெளிவந்தபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் நான்கில்தான் இருந்தது. தமிழில் வாசிக்கும் பிள்ளையைத் தமிழிலேயே சோதிக்க வேண்டும். ஆங்கிலச் சோதனையைக் கொடுத்துத் தோற்றான் என்று எழுதுவது அநியாயம்.

எட்டு வயது என்பது சான்றிதழுக்கான கணக்கு. உதவியை அதற்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கலாம். தவறாக இருந்தாலும் நஷ்டம் இல்லை, பிள்ளை கொஞ்சம் கூடுதலாக எதுகை விளையாடியிருக்கும். சந்தேகம் வந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். தோவாளை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிலோ மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். போகும்போது பிள்ளையின் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிய நோட்டு வேண்டாம். சொல்வதை எழுதிய நோட்டு, சிவப்பு மை நிறைந்தது, அதைக் கொண்டுபோங்கள். பரிசோதிப்பவருக்குப் பயன்படுவது அதுதான்.